எழுதி முடிந்த பின் துஆ எதற்கு?

வந்துவிட்ட துன்பத்தை மனிதன் எப்படியோ தாங்கிக்கொள்கிறான். அழுகிறான்; ஆறுதல் அடைகிறான்; பிறகு அடுத்த வேலையைப் பார்க்கிறான். ஆனால் வருமா, வராதா என்று தெரியாமல் வாசலைப் பார்த்திருக்கும் நாட்கள் இருக்கின்றனவே, அவைதான் அவனை உருக்குலைத்துவிடுகின்றன. உண்ட சோறு உடம்பில் ஒட்டுவதில்லை. தொழுகையில் நின்றால் எத்தனையாவது ரக்அத் என்பது மறந்துபோகிறது. தஸ்பீஹ் மணி கையில் உருள்கிறது; மனமோ வேறெங்கோ உருள்கிறது.

இத்தகைய காத்திருப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காரியம் இன்னும் முடிவாகாமல் இருப்பது. மகனுக்குப் பெண் கேட்டு அனுப்பிவிட்டு, அந்த வீட்டார் கூடிப் பேசும் வரை காத்திருப்பது இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, காரியம் முடிவாகிவிட்டது. நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை. பரீட்சைத் தாள் திருத்தப்பட்டு மார்க்கும் போட்டாகிவிட்டது, அறிவிக்கத்தான் இல்லை. பரிசோதனைக்கு எடுத்த சதையில் நோய் இருக்கிறதா என்பது லேபரட்டரியில் தெரிந்துவிட்டது. டாக்டர் இன்னும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. இந்த இரண்டாவது வகையில்தான் ஒரு கேள்வி முஃமினின் உள்ளத்தைக் குடைகிறது. எல்லாம் எழுதி முடிந்துவிட்டதே, இனி துஆக் கேட்டு என்ன பயன்?

இக்கேள்வியை வெறும் ஏட்டளவில் ஆராய்வதைவிட, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் நெஞ்சில் அது எழுகின்ற ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பது நலம். அமெரிக்காவில் மருத்துவ மேற்பயிற்சிக்கு இடம் கேட்டு நிற்கும் இளம் டாக்டர்களின் மார்ச் மாதமே நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம். நம் நாட்டில் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளும் அவர்களிடையே நிற்கிறார்கள்.

மார்ச் மாதத்து மௌனம்

அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டால் மட்டும் டாக்டர் தொழிலை நடத்திவிட முடியாது. ‘ரெஸிடென்ஸி’ எனப்படும் மேற்பயிற்சியில், துறையைப் பொறுத்து மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை ஒரு மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். இந்தியாவிலோ, பாகிஸ்தானிலோ, எகிப்திலோ படித்துவிட்டு அங்கே தொழில் செய்ய விரும்புகிறவர்களும் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும்.

இடம் கொடுக்கும் முறை சற்று வினோதமானது. ‘மேட்ச்’ என்னும் பொது ஏற்பாடு அங்கு 1952ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. செப்டம்பர் மாதம் மனுப் போடுகிறார்கள். குளிர்காலத்தில் பேட்டிகள் நடக்கின்றன. பிறகு ஒவ்வொரு டாக்டரும் தாம் பேட்டி கண்ட மருத்துவமனைகளை விருப்பப்படி 1, 2, 3 என்று வரிசைப்படுத்திப் பட்டியல் கொடுக்கிறார். மருத்துவமனைகளும் தாங்கள் விரும்பும் டாக்டர்களை அவ்வாறே வரிசைப்படுத்துகின்றன. ஒருவர் பட்டியல் மற்றவருக்குத் தெரியாது.

இரு தரப்புப் பட்டியல்களையும் கம்ப்யூட்டர் இணைத்துப் பார்க்கிறது. டாக்டரின் முதல் விருப்பத்தில் தொடங்கி, அங்கு இடமிருந்தால் அவரைத் தற்காலிகமாக அமர்த்துகிறது. அந்த மருத்துவமனை அவரைவிட மேலாக விரும்பும் இன்னொருவர் வந்து, இடமும் நிறைந்திருந்தால், முன்னவரை எழுப்பி அவருடைய அடுத்த விருப்பத்துக்கு அனுப்புகிறது. எல்லாருக்கும் இடம் கிடைக்கும் வரை, அல்லது அவரவர் பட்டியல் தீரும் வரை, இது நடக்கிறது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு அறிஞர்கள் 1962ஆம் ஆண்டில் இத்தத்துவத்தைக் கணித முறையில் விளக்கினார்கள். ஆல்வின் ராத் என்பவர் துணையுடன் திருத்தி அமைக்கப்பட்ட முறை 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளாதாரத் துறைக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பட்டியல் கொடுக்கும் கடைசி நாள் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் முதல் வாரத்திலோ வருகிறது. அன்றைய இரவு கடந்துவிட்டால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. கணக்குப் போடக் கம்ப்யூட்டருக்கு அதிக நேரம் ஆவதில்லை. ஆயினும் எல்லாவற்றையும் சரிபார்த்து அறிவிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் செல்கிறது. மார்ச் மூன்றாவது வாரத்துத் திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்வார்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதை வெள்ளிக்கிழமைதான் சொல்வார்கள். கிழக்கு அமெரிக்க நேரப்படி நண்பகல் 12 மணிக்கு அந்த அறிவிப்பு வரும். நம் நாட்டில் அப்போது இரவு மணி 9.30. இங்கே ஒரு தாய் முஸல்லாவை மடிக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பாள்.

2024ஆம் ஆண்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிவு செய்தார்கள். இருந்த இடங்களோ 41,503. அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 100க்கு 93 பேருக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த வெளிநாட்டினரில் 100க்கு 58 பேருக்குத்தான் கிடைத்தது. மீதிப் பேர் அந்தத் திங்கட்கிழமை ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மார்ச் 11ஆம் தேதி. அமெரிக்க முஸ்லிம்களில் பெரும்பாலோருக்கு அன்று ரமலானின் முதல் நோன்பு. அடுத்த ஆண்டு 2025இல் முடிவு சொல்லும் வெள்ளிக்கிழமை மார்ச் 21. மார்ச் முதல் தேதியில் நோன்பைத் தொடங்கியவர்களுக்கு அது ரமலான் பிறை 21. துஆவுக்கென்றே அமைந்த மாதத்தில், ஸஹர் நேரத்தில் கையை உயர்த்தும்போதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் தொடக்கத்தில் சொன்ன கேள்வி எழுந்திருக்கும். பட்டியல் பூட்டப்பட்டுவிட்டது; கம்ப்யூட்டர் கணக்கை முடித்துவிட்டது; நான் ஏன் இன்னும் கையேந்தி நிற்கிறேன்?

ஸஹாபாக்கள் கேட்ட கேள்வி

இக்கேள்வி புதிதன்று. ஒவ்வொருவருடைய இருப்பிடமும் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தபோது, அப்படியானால் எழுதப்பட்டதை நம்பி அமல் செய்யாமல் இருந்துவிடலாமா என்று ஸஹாபாப் பெருமக்கள் கேட்டார்கள். அமல் செய்யுங்கள், ஒவ்வொருவருக்கும் அவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) பதிலளித்ததாக அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. விதி உண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை. விதியைச் சாக்காக வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் அனுமதிக்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கு அழகான விளக்கம் தருகிறார்கள். அம்பைத் தடுக்கக் கேடயம் காரணமாக இருப்பதுபோல, நிலத்தில் பயிர் முளைக்கத் தண்ணீர் காரணமாக இருப்பதுபோல, துன்பம் நீங்கவும் அருள் இறங்கவும் துஆ ஒரு காரணமாகும். அம்பு எய்யப்பட்டது விதி என்றால், கேடயத்தைத் தூக்கியதும் விதிதான். ஆகவே விதியை ஏற்பது வேறு, கேடயத்தைக் கீழே போடுவது வேறு.

‘சரி, வருவதற்கு முன் கேடயம் பிடிக்கலாம். அம்புதான் பாய்ந்து முடிந்துவிட்டதே, முடிவுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே!’ என்று ஒருவர் கேட்கலாம். இங்குதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். நேற்று, இன்று, நாளை என்ற வரிசை நமக்கு உரியது. அந்தப் பிள்ளை செவ்வாய்க்கிழமை இரவு கேட்கப்போகும் துஆ, முந்திய வாரம் கணக்குப் போட்டபோதே அல்லாஹ்வுக்குத் தெரியும். ஏன், 1952இல் இந்த முறை தொடங்குவதற்கு முன்பே, அந்தப் பிள்ளையின் பாட்டன் பிறப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். கேட்கப்போகிறவனின் கேள்வியை அறிந்தே கொடுக்கும் வல்லவனிடம் ‘நான் தாமதமாகக் கேட்கிறேனோ’ என்ற கவலைக்கு இடமில்லை.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். உண்மையில் நம்முடைய எல்லா நாளைகளும் அந்த டாக்டர்களின் இரண்டு வாரத்தைப் போன்றவைதாம். நாளை தான் எதைச் சம்பாதிக்கப் போகிறோம் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது, எந்த மண்ணில் மரணிப்போம் என்பதையும் அறியாது என்பது லுக்மான் சூராவின் கடைசி வசனம் நமக்குக் கற்பிக்கும் பாடம். நாம் எல்லாரும் எழுதி முடிந்த ஒரு முடிவின் அறிவிப்புக்காகவே காத்திருக்கிறோம். அது நமக்கு மறந்துபோகிறது. அவர்களுக்கு மறக்க முடியாதபடி தேதியும் மணியும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவே.

ஒரே இடத்துக்கு இரண்டு துஆ

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். அந்த 100 பேரில் இடம் கிடைக்காத 41, 42 பேர் துஆக் கேட்கவில்லையா? அவர்களுடைய தாய்மார் தஹஜ்ஜுதில் அழவில்லையா?

ஒரு மருத்துவமனையில் ஓர் இடம் மிச்சமிருக்கிறது. அதற்காக லாகூரில் ஒரு தாய் கையேந்துகிறாள். கெய்ரோவில் ஒரு தாய் கையேந்துகிறாள். சென்னையில் ஒரு தாயும் கையேந்துகிறாள். மூவரும் ஈமான் உள்ளவர்கள். மூவரும் உருகித்தான் கேட்கிறார்கள். இடமோ ஒன்று. அதில் இருவர் கேட்டது, கேட்ட உருவில் கிடைக்காது. இதை நம் வீட்டுத் துஆவில் நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ‘யா அல்லாஹ், என் பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடு’ என்று கேட்கும்போது, அதே இடத்துக்காக அழும் இன்னொரு தாயின் முகம் நம் கண் முன் வருவதில்லை.

அதோடு முடியவில்லை. பட்டியலில் ஐந்தாவதாக, வேண்டா வெறுப்பாக எழுதப்பட்ட ஒரு சிற்றூர் மருத்துவமனை இருக்கிறது. அந்த வட்டாரத்தில் டாக்டர் போதாமல் நோயாளிகள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் ஒரு நல்ல டாக்டர் வந்து சேரவேண்டுமென்று தம் படைத்தவனிடம் கேட்டிருக்கலாம் அல்லவா? நம் பிள்ளை ‘எனக்குக் கிடைக்கவில்லையே’ என்று கண்ணீர் விடும் அதே முடிவு, வேறொருவர் கேட்ட துஆவின் பதிலாக இருக்கலாம். ஒருவனுடைய விருப்பத்தை மட்டும் வைத்து உலகம் நடந்தால் மற்றவர் கதி என்ன ஆகும்?

இதனால்தான் இஸ்திகாராவின் துஆ எப்படி முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸின்படி, இந்தக் காரியம் என் தீனுக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதென்று நீ அறிந்தால் எளிதாக்கு என்று கேட்கிறோம். தீங்கென்று அறிந்தால் என்னை விட்டு அதைத் திருப்பு, அதை விட்டு என்னையும் திருப்பு என்று கேட்கிறோம். கடைசியில், நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு ஆக்கி, அதில் என்னைப் பொருந்தச் செய் என்று முடிக்கிறோம். இஸ்திகாரா கனவு காணும் சடங்கு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். ஹதீஸில் கனவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதன் இடம் பட்டியல் எழுதுவதற்கு முன். பட்டியல் பூட்டப்பட்ட பிறகும் அதன் கடைசிப் பகுதி பாக்கி இருக்கிறது. அல்லாஹ் தரும் நன்மையில் என்னைப் பொருந்தச் செய் என்ற அந்த வேண்டுதலுக்குக் கடைசித் தேதி கிடையாது. அதைக் கேட்கத் தாய்மார் எத்தனை பேர் கூடினாலும் ஒருவருக்குக் கிடைப்பதால் மற்றவருக்குக் குறைவதுமில்லை.

எழுதி முடிந்த பின் துஆ எதற்கு என்ற கேள்விக்கு நம்முடைய பதில் இதுதான். கேட்ட இடம் கிடைக்க வேண்டுமென்று கேட்பது ஆகும். அதில் தவறேதுமில்லை, செருப்பின் வார் அறுந்தாலும் அல்லாஹ்விடமே கேட்கிற சமுதாயம் நாம். ஆனால் அந்தக் கேட்டல், நாளடைவில் பொருத்தத்தைக் கேட்பதாகக் கனிய வேண்டும். காத்திருக்கும் நாட்கள் அதற்காகத் தரப்பட்ட அவகாசம்.

ஒட்டகத்தைக் கட்டுவது எப்படி?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிமொழி நாம் அனைவரும் அறிந்தது. அந்த முடிச்சைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, முடிச்சு ஹலாலான முடிச்சாக இருக்க வேண்டும். அங்கே பேட்டி முடிந்த பிறகு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதும் பழக்கம் இருக்கிறது. ‘என் பட்டியலில் உங்கள் மருத்துவமனைதான் முதலாவது’ என்று ஒருவர் எழுதுகிறார். உண்மையானால் குற்றமில்லை. ஆனால் அதே வாசகத்தை நான்கு மருத்துவமனைகளுக்கு எழுதினால் மூன்று பொய்யாகிவிடுகிறது. ‘எல்லாரும் எழுதுகிறார்கள்’ என்பது மறுமையில் எடுபடும் பதிலன்று. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கம்ப்யூட்டர் முறையே டாக்டர் தம் உண்மையான விருப்பத்தை எழுதுவதுதான் அவருக்கு நன்மை என்ற வகையில் அமைந்திருக்கிறது. தந்திரமாக வரிசையை மாற்றி எழுதுவதால் அவர் அடையப்போகும் லாபம் ஏதுமில்லை. கணித அறிஞர்கள் வாய்மைக்கு இடமளித்து ஒரு முறையை ஏற்படுத்தியிருக்கும்போது, வாய்மையை ஈமானின் அடையாளமாகக் கொண்ட நாம் பொய்யான கடிதத்தால் ரிஸ்கைத் தேடலாமா?

இரண்டாவது, ஒரு கயிறு அறுந்தால் மறு கயிறு வைத்திருப்பது தவக்குலுக்கு விரோதமன்று. திங்கட்கிழமை இடமில்லை என்று தெரிந்தவர்கள், நிரம்பாமல் இருக்கும் இடங்களுக்கு அந்த வாரமே, வியாழக்கிழமைக்குள் மனுப் போட்டுப் பெறுவதற்கு ஓர் ஏற்பாடு 2012 முதல் இருந்து வருகிறது. அதற்கான காகிதங்களை முன்கூட்டியே தயார் செய்து வைக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘ஏன் அபசகுனமாக நினைக்கிறாய்? அல்லாஹ்வின் மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பார்க்கட்டும். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் கேள்விப்பட்டு அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பசுமையான பக்கமும் வறண்ட பக்கமும் கொண்ட ஒரு பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்றும் எடுத்துக் காட்டினார்கள்.

இவ்விரண்டையும் செய்த பிறகு முடிச்சை விட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கட்டிய ஒட்டகத்தை நிமிஷத்துக்கொரு முறை எழுந்து போய் இழுத்துப் பார்ப்பது முயற்சியாகாது. போன ஆண்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது, அந்த மருத்துவமனை யார் யாரை எடுத்தது என்று இரவெல்லாம் தேடிக்கொண்டிருப்பதால் பட்டியலில் ஓர் எழுத்தும் மாறாது. ஸுப்ஹு தொழுகை கழாவாவதுதான் மிச்சம்.

பேரம் பேசும் பக்தி

கலக்கம் மிகும்போது மனிதன் குறுக்கு வழி தேடுகிறான். ‘இடம் கிடைத்தால் இத்தனை ஏழைகளுக்குச் சோறு போடுகிறேன்’ என்று நேர்ச்சை செய்கிறான். நேர்ச்சை எதையும் முற்படுத்துவதுமில்லை, பிற்படுத்துவதுமில்லை. அதனால் கஞ்சனிடமிருந்து பொருள் வெளியாகிறது, அவ்வளவுதான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். செய்துவிட்ட நல்ல நேர்ச்சையை நிறைவேற்றுவது கடமை. ஆனால் ஏழைக்குச் சோறு போட அமெரிக்காவிலிருந்து முடிவு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அவனுக்கு இன்றைக்கே பசிக்கிறது. முடிவு வருமுன் நிபந்தனையின்றிக் கொடுக்கும் ஸதகா, பேரம் கலவாத ஸதகா.

பால் கிதாபைப் பிரித்துப் பார்ப்பதும், குறி சொல்பவனிடம் பிள்ளையின் பெயரைக் கொண்டு போவதும் இதைவிடக் கேடானவை. குறி கேட்கச் செல்பவனின் தொழுகை 40 இரவுகள் ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நல்ல முடிவுக்காக துஆக் கேட்டுக்கொண்டே, கேட்கும் தொழுகையை இப்படிக் கெடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய நஷ்டம்!

கஅப் (ரலி) காத்திருந்த 50 இரவுகள்

காத்திருப்பது எப்படி என்பதற்கு நம் வரலாற்றில் ஓர் ஒப்பற்ற உதாரணம் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்துக்குச் செல்லாமல் தங்கிவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும் பலர் பொய்க் காரணங்களைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள, கஅப் (ரலி) உண்மையை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடனும் மற்ற இருவருடனும் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவாயிற்று. அல்லாஹ்விடமிருந்து முடிவு வரும்வரை 50 இரவுகள் கழிந்தன.

நம் டாக்டர்களின் காத்திருப்பு எந்தக் குற்றத்தாலும் வந்ததன்று. அந்த வகையில் இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் கஅப் (ரலி) அந்த நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது. யாரும் பேசாவிட்டாலும் ஜமாஅத்துத் தொழுகைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கடைத்தெருவுக்கும் போய் வந்தார்கள். இடையில் கஸ்ஸான் நாட்டு மன்னனிடமிருந்து, உம்மை நாம் ஆதரிக்கிறோம், எம்மிடம் வந்துவிடும் என்ற கருத்தில் ஒரு கடிதம் வந்தது. இதுவும் ஒரு சோதனை என்று சொல்லி அதை அடுப்பிலிட்டு எரித்தார்கள். 50ஆம் நாள் ஸுப்ஹு தொழுதுவிட்டு வீட்டின் மேல்தளத்தில் அமர்ந்திருந்தபோது ஸல்உ மலையிலிருந்து ஒருவர் உரக்கக் கூவி நற்செய்தி சொன்னார். கேட்டவுடன் கஅப் (ரலி) செய்த முதல் காரியம் சுஜூதில் விழுந்தது.

அமெரிக்காவில் முடிவு சொல்லும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்திருப்பது ஒரு நல்ல வாய்ப்பு. கிழக்குக் கரையில் நண்பகல் 12 மணிக்கு முடிவு தெரிந்த பிறகு ஜும்ஆவுக்குப் போகலாம். கிடைத்தவன் ஷுக்ருடன் போகட்டும். கிடைத்த ஊர் விருப்பமில்லாத ஊராக அமைந்தவன் பாரத்துடன் போகட்டும். இருவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கட்டும்.

முடிவு வேறு, மதிப்பு வேறு

அல்-ஃபஜ்ர் சூராவில் மனிதனுடைய ஒரு பலவீனத்தை அல்லாஹ் சுட்டிக் காட்டுகிறான். வசதி கொடுத்துச் சோதித்தால், என் இறைவன் என்னைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்கிறான். ரிஸ்கை அளவாக்கிச் சோதித்தால், என்னைச் சிறுமைப்படுத்திவிட்டான் என்கிறான். அப்படியல்ல என்று அடுத்த வசனமே அந்த எண்ணத்தை மறுக்கிறது. கொடுத்ததும் சோதனை, கொடாததும் சோதனை. ஆகவே இடம் கிடைத்தவன் அல்லாஹ்வுக்கு உகந்தவன் என்றோ, கிடைக்காதவன் அவனால் தள்ளப்பட்டவன் என்றோ சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தது. அதற்கு மனிதனை எடை போடத் தெரியாது.

இதைக் குடும்பத்தார் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். படித்த பிள்ளை கடல் கடந்து போகும்போது மஹல்லா முழுவதும் சொல்லிவிடுகிறோம். பிறகு பெருநாள் தொழுகைத் திடலில் நாலு பேர் கேட்பார்களே என்று நம் மானத்தையும் சேர்த்து அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறோம். தினமும் போனில் ‘என்ன ஆச்சு வாப்பா, ஏதாவது தெரிஞ்சுதா?’ என்று கேட்கிறோம். தெரியாது என்பது நமக்கே தெரியும். ‘சாப்பிட்டியா? தூங்கினியா?’ என்று கேட்டாலே போதும்.

முடிவு பாதகமாக வந்துவிட்டால் உடனே உபதேசம் தொடங்கிவிடக் கூடாது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல ஒரு நேரம் உண்டு. தம் அருமை மகன் இப்ராஹீம் பிரிந்தபோது நாயகத் திருமேனி (ஸல்) அவர்களே கண்ணீர் சிந்தினார்கள். கண் அழும், உள்ளம் கவலைப்படும், நாவு மட்டும் இறைவனுக்குப் பொருத்தமானதையே சொல்லும் என்ற நெறியைக் காட்டித் தந்தார்கள். ஆகவே பிள்ளை அழட்டும். பக்கத்தில் இருங்கள். ‘அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே’ என்ற பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். அந்தச் சொல் ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று நாம் எச்சரிக்கப்பட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு மறுபடி மனுப் போடலாம், இங்கேயே நோயாளிகளுக்குப் பணி செய்யலாம், வேறு வழியும் தேடலாம். காலையில் ஒட்டிய வயிற்றோடு கூட்டை விட்டுப் புறப்படும் பறவையை நாயகம் (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணமாகக் காட்டினார்கள். ஒரு மரத்தில் கனி இல்லையென்றால் அது அடுத்த மரத்துக்குப் பறக்கிறது.

மனம் உடைந்து உணவும் உறக்கமும் அற்று, உயிரையே வெறுத்துப் பேசும் நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அதை ஈமானின் குறை என்று ஏசாமல் உடனே தக்க டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மருந்து செய்துகொள்ளும்படி நமக்கு ஏவப்பட்டிருக்கிறது. மற்றவர் நோயைத் தீர்க்கப் படித்த பிள்ளைக்கும் அந்த ஏவல் பொருந்தும்.

முடிவை எதிர்பார்த்திருக்கும் நம் பிள்ளைகள் யாவருக்கும், அதே இடத்தை எதிர்பார்த்திருக்கும் மற்றவர் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய கைராசியை எதிர்பார்த்திருக்கும் நோயாளிகளுக்கும் எதில் நன்மை இருக்கிறதோ அதை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. தந்ததில் நம் உள்ளங்களைப் பொருந்தவும் செய்வானாக. ஆமீன்.